பழுதில்லை

லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் கீழே
பன்னிரண்டு அறை வைத்த இரும்பு அலமாரி.
பேட்டரி மாற்று நிலையம் என்கிறது பலகை.
ஓட்டுகிறவர்களுக்கு அது டப்பா கடை.
இரவு பத்திலிருந்து ஆறு வரை நான்.

தீர்ந்ததைச் செருகி
நிறைந்ததை உருவிப் போக ஒன்றரை நிமிடம்.
பெயர் கேட்க நேரம் இருக்காது.
வந்த பேட்டரியின் சூட்டைத் தொட்டே
ஆளைச் சொல்லிவிடுவேன்:
கை பொறுக்காவிட்டால்
ஹெப்பால் ஏற்றத்தில் நாலு பேரோடு முக்கி வந்த ஆட்டோ.
வெதுவெதுப்பு, சாப்பாடு கொண்டுபோகும் பையன்.

ஒருமுறை ஒன்றின் கைப்பிடியில்
மஞ்சள் தடவிய நூல்.
கம்பெனி விதிப்படி அறுக்க வேண்டும். அறுக்கவில்லை.
யார் கட்டியதோ,
இப்போது தினம் ஒரு வண்டிக்குக் காப்பு.

நேற்று மழை.
கம்மனஹள்ளியில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது.
"கரெண்ட் ஹோய்த்து" என்று தெருவே ஒருதரம் சொன்னது.
பிறகு தவளை.
இனி ஏற்ற வழியில்லை, கையில் இருப்பது ஒன்பது.
பச்சை விளக்கைப் பார்த்து
நனைந்தபடி வந்துகொண்டே இருந்தார்கள்.
ஒருவன் உருவும்போது
பின்னால் நிற்பவன் வாய்க்குள் எண்ணினான்.

ஒன்று மிஞ்சியபோது இருவர் நின்றார்கள்.
ஹொன்னேஷ், முதுகுப் பையில் யாருடையதோ பிரியாணி,
தாமதமானால் நாற்பது ரூபாய் பிடித்தம்.
ஷபானா, அவள் ஆட்டோவின் பின்சீட்டில்
டயாலிசிஸ் முடிந்து
வாய் திறந்து உறங்கும் ஒருவர்.

ஆட்டோவுக்கு இரண்டு வேண்டும்.
இருப்பதோ ஒன்று.
அதனால் நியாயம் பேச வேண்டியிருக்கவில்லை.
ஹொன்னேஷ் எடுத்து மாட்டினான்.
கிளம்பவில்லை.
"எல்லிகே?" என்றான்.
"ராமமூர்த்தி நகர்."
வலது காலை நீட்டி
ஆட்டோவின் பின் பம்பரில் பதித்தான்.
பெட்ரோல் காலத்து வித்தை.
சத்தமில்லாமல் இரண்டும் நகர்ந்தன,
செருப்பு மட்டும் தகரத்தில் ஒருமுறை கீச்சிட்டது.
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு
இருட்டுக்குள் போய்விட்டார்கள்.

விடியற்காலை மின்சாரம் வந்தது, அவனும் வந்தான்.
பிரியாணி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.
அந்தப் பேட்டரியைக் கையில் வாங்கி
உடனே கீழே வைத்தேன்.
அப்படி ஒரு கொதிப்பு.

திரையில் சிவப்பு எழுத்து:
ஓடிய தூரம் குறைவு, செலவு மிக அதிகம்.
பழுதா எனச் சோதிக்கவும்.

சூடு ஆறும்வரை காத்திருந்து
நான்காம் அறையில் செருகினேன்.
பிறகு பழுதில்லை என்பதை அழுத்தினேன்.
காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது.
அதை அப்படியே விட்டேன்.