நாற்பத்தொன்று

யோயென்சூவில் பனி தள்ளும் வண்டி
மூன்றாம் முறையாகத் தெருவைச் சுரண்டிவிட்டுப் போகிறது.
சைமி கெட்டுனென்
ஐந்தாம் பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.

'மிகவும்' பதினோரு இடத்தில் இருந்தது.
இப்போது இரண்டு.
'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லில்
குறிப்பிடும்படி ஒன்றுமில்லை, போகட்டும்.
முடிவுரையில் ஒரு வாக்கியம்
மூச்சு வாங்காமல் ஏழு வரி ஓடியது.
மூன்றாக வெட்டி
நடுத்துண்டைத் தூக்கி எறிந்தாள்.
யாருக்கும் வலிக்கவில்லை.

பன்னிரண்டுக்குள் ஏற்றியாக வேண்டும்.
கீழ்த்தளத்துச் சவுனாவில்
வியாழன் ஒன்பதிலிருந்து பத்துவரை இவள் முறை.
மணி ஒன்பதே முக்கால்.
குளியல் துண்டு
மடித்தது மடித்தபடி நாற்காலி முதுகில்.

கட்டுரை இவ்வளவுதான்:
ஏரிமேல் பனிக்கட்டி எப்படித் தடிக்கிறது,
ஜனவரி பத்திலிருந்து மார்ச் பத்துவரை,
அறுபது நாள், ஒரே இடம்,
படகுத்துறையிலிருந்து முப்பது மீட்டர்,
ஒரு துளைக்கருவி, ஓர் அளவுகோல்,
இரண்டு ஜோடிக் கையுறை.

படம் நான்கில் கோடு
இழுத்துக் கட்டிய கம்பிபோல் ஏறிப்போகிறது.
"எனக்கு இவ்வளவு அழகாய் எதுவும் வந்ததில்லை"
என்றான் பக்கத்து அறை உர்ஹோ,
பாதி சீஸ் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு.

பிப்ரவரி பதினான்கு. நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

பிழை தேடி அட்டவணையில் இறங்கிய விரல்
அங்கே நின்றது.
எழுத்து சரி.
எண்ணும் பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது.

அன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
பேருந்து வந்தது, அதன்மேல் தப்பில்லை.
கதவு திறந்தது. ஓட்டுநர் பார்த்தார்.
காய்ச்சல் இல்லை.
யாரும் விட்டுப் போகவில்லை, யாரும் சாகவில்லை.
ஏறவில்லை, அவ்வளவுதான்.
திரும்பி வந்து
மதியம்வரை சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

முந்தின நாள் நாற்பது.
மறுநாள் நாற்பத்திரண்டு.
நடுவில் வேறென்ன இருந்திருக்க முடியும்?
ஏரியும் இதைத்தான் சொல்லியிருக்கும்.
கேட்டுக்கொள்ளத்தான் ஆள் போகவில்லை.

மேற்கோள் பட்டியலுக்குத் தாவினாள்.
ஒரு காற்புள்ளியை எடுத்தாள்.
திரும்ப வைத்தாள்.
சுவருக்கு அப்பால் உர்ஹோ
யாரிடமோ தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தான்.
மறுபடி எடுத்தாள்.

பதினொன்று ஐந்துக்கு நாற்பத்தொன்றை அழித்தாள்.
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்,
சின்னது, படுத்துக் கிடப்பது.

படம் நான்கு நடுவில் விட்டுப்போயிற்று.

அதோடு முடிந்ததா?
ஒரு எண்ணுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்!
சராசரி நகர்ந்தது.
அறுபது ஐம்பத்தொன்பதாயிற்று,
சுருக்கத்தில், அடிக்குறிப்பில்,
உர்ஹோ மெச்சிய படத்தின் தலைப்பிலும்.
இரண்டாம் பக்கத்தில் காத்திருந்தது
'நாள்தோறும் அளக்கப்பட்டது.'
அளந்தது யாரென்றே சொல்லாத வாக்கியம்.
மூன்று வாரமாக இதற்குத்தான்
மெருகேற்றிக்கொண்டிருந்தாள்.

'ஒரு நாள் தவிர, நாள்தோறும் அளந்தேன்.'
காரணம்?
வானிலை என்று தட்டினாள். அழித்தாள்.
போக்குவரத்து. அதையும்.
'பிப்ரவரி பதினான்கு அன்று நான் போகவில்லை.'
பேராசிரியை ஹுஹ்தனென்
ஓரத்தில் சிவப்பாய் 'இது தேவையா?' என்பார்.
எதற்கும் அப்படித்தான் கேட்பார்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. ஏற்றியாயிற்று.
முகப்புப் பக்கத்தில் தன் பெயரிலேயே
ஓர் எழுத்து விழுந்திருப்பதை
அதற்கப்புறம்தான் பார்த்தாள்.

துண்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.
அடுப்பை எப்போதோ அணைத்திருந்தார்கள்.
கற்கள்மேல் ஓர் அகப்பை நீர் ஊற்றினாள்.
சீறவில்லை.
முனகல்போல் ஏதோ. ஒரு கை ஆவி.
விளக்கைப் போடாமல்
மேல்படியில் ஏறி உட்கார்ந்தாள்.