ஒன்பது மணி நுரை

ஜீரோ கேட்டுக்கு இன்னும் நாற்பத்தொரு வண்டி.
இஞ்சினை அணைத்துவிட்டேன்.
ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்தால்
காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு முற்றம் தெரிகிறது.
நீலக் குடம், பச்சைக் குடம்,
நடுவில் இரண்டு வாய்.

நிகிஷாவுக்கு ஆறு. தம்பிக்கு மூன்றரை.
"பட்டாணி அளவு போதும்" என்கிறேன்.
அவள் கால் கிலோ பட்டாணியைப் பிதுக்குகிறாள்.
தம்பிக்கு ஸ்ட்ராபெரி பேஸ்ட்.
துப்பு என்றால் விழுங்கிவிட்டு
காலி வாயைத் திறந்து காட்டுகிறான்,
கணக்கு முடித்தவன் மாதிரி.

கடைவாய்க்குப் போ.
அங்கேதான் மிட்டாய் குடியிருக்கும்,
வாடகையும் தராது, காலியும் பண்ணாது.
முன்பல்லையே தேய்த்துக்கொண்டிருந்தால்
கல்யாண மண்டபத்தில் வாசலை மட்டும் கூட்டின மாதிரி.
வட்டமா. மெதுவா. பாத்திரமில்ல, பல்லு.
உள்பக்கம். நாக்கு.
"எவ்ளோ நேரம் நைனா?"
முன்னால் நிற்கிற டிரெய்லர் நகரும்வரை என்று
ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டேன்.
அன்று அரைமணி தேய்த்தாள்.
ஈறு சிவந்துபோச்சு என்று
கற்பகம் என்னைக் காய்ச்சி எடுத்தாள்.
அதிலிருந்து, நூற்றிருபது எண்ணணும்.
எழுபதுக்கு அடுத்து அவளுக்கு
எண்பத்தொன்றுதான் வரும்.

அவள் வயதில் நான்
ரோஸ் கலர் பல்பொடியைத் தேய்த்ததைவிடத்
தின்றதுதான் அதிகம்.
ராத்திரியும் பல் விளக்குவார்கள் என்று
எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்?

நேற்று நூற்றிருபது முடிந்ததும்
செல்லோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள்:
"இப்ப நீ. ஆ காட்டு."
கீழுதட்டுக்குள் புகையிலை ஊறிக்கொண்டிருந்தது.
பதினாலு வருஷமாய்
அதற்கென்று அங்கே ஒரு பள்ளம்.
"சிக்னல் இல்லம்மா" என்றேன்.
நாலு கோடும் நிமிர்ந்து நின்றது சிக்னல்.
கட் பண்ணிவிட்டுக்
கதவைத் திறந்து துப்பினேன்.
எண்ணூர் சாலை ஓரம் ஏற்கெனவே அந்த நிறம்தான்.

இன்று சாப்பாட்டுப் பையில்
சோற்றுக்கும் மோர்மிளகாய்க்கும் நடுவில்
ஒரு பிரஷ். குழந்தைப் பிரஷ். கைப்பிடியில் ஆமை.
கற்பகம் வைத்ததில்லை.
அவள் என்றால் பெரிய சைஸாக வாங்கியிருப்பாள்.

ஒன்பது மணி.
வாட்டர் பாட்டிலோடு கீழே இறங்கி
சைடு கண்ணாடியில் போனைச் செருகினேன்.
"கடைவாய்க்குப் போ நைனா" என்றது போன்.
போனேன். ரத்தம் வந்தது. சொல்லவில்லை.
பின்வண்டிக்காரன் தலையை நீட்டி,
"இன்னாப்பா, இந்நேரத்துல பொண்ணு பாக்கப் போறியா?"

முன்னால் டிரெய்லர் நகர்ந்துவிட்டது.
பின்னால் எட்டு வண்டியும் ஹாரன்,
என் அம்மாவரைக்கும் போய்விட்டார்கள்.
பதிலுக்கு நாலு நல்ல வார்த்தை
நாக்கு நுனியில் தயாராய் நின்றது.
வாய் நிறைய நுரை.
எழுபது, எண்பத்தொன்று என்று
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.