கூட்டக் குறிப்பு எண் பத்து

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காகிதம் கொண்டு வருகிறவர்
எடைக்கும் எதையாவது கொண்டுவர வேண்டும்.
ஒர்க்‌ஷாப்பிலிருந்து எட்டு போல்ட் எடுத்துவந்தேன்,
எட்டுப் பேருக்கு.

வியாழன் கடைசி மணிநேரம்.
கால் ஒடிந்த வரைபட மேசைகள் அடுக்கிய அறை.
முதலாமாண்டு, குழு நான்கு, தொழில்முறைத் திறன்.
எனக்குத் தெரிந்தது வெப்ப இயக்கவியல்.
ஆள் இல்லையென்று இதையும் என் தலையில் கட்டினார்கள்.

கைகுலுக்கப் பழகினோம்.
குறுக்கே பேசாதிருக்கப் பழகினோம்,
அதில் எனக்குத்தான் மதிப்பெண் குறைவு.
இருட்டிலேயே முந்நூறு ரப்பர் மரம் பால்வெட்டிவிட்டு
குலசேகரத்திலிருந்து வரும் அஜின்
நேர மேலாண்மை வகுப்பில் தூங்கிப்போனான்.
எழுப்பவில்லை.
தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் பயிற்சியில்
குளச்சல் சகாய ரெக்ஸன் எழுந்து நின்று
"பஸ்ஸு வரல்ல சார்,
அதுக்கு நான் எதுக்கு சாரி பறயணும்?" என்றான்.
அரைமணி நேரம் அதையே பேசினோம்.
உருப்படியான வகுப்பு அது ஒன்றுதான்.

வாரம் ஒருவர் கூட்டக் குறிப்பு எழுதவேண்டும்.
விஜிலா முறை வந்தபின்
நோட்டு அவளிடமே தங்கிவிட்டது.
நடந்ததை எழுது, என்றிருந்தேன்,
நடந்திருக்க வேண்டியதை அல்ல.
எழுதினாள்:
ஆசிரியர் இருமுறை கடிகாரம் பார்த்தார்.

ஐப்பசியில் பழையாறு ரோட்டுக்கு ஏறியது.
மூன்று வியாழன்கள்
பாதி வழியில் பஸ்ஸோடு திரும்பிப்போயின.

தணிக்கைக் குழு வருகிற வாரம்.
பன்னிரண்டு கூட்டம், பன்னிரண்டு குறிப்பு,
துறைத்தலைவர் விரல் மடக்கினார்.
எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

பஸ் புறப்படப் பத்து நிமிடம் இருக்கையில்
விஜிலாவைக் கூப்பிட்டேன்.
மீதி மூன்றையும், சும்மா, ஒரு மாதிரி...
குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.
தெளிவாகப் பேசுதல்
இரண்டாம் வாரமே நடத்தி முடித்த பாடம்.

அவள் கேட்டாள்:
"ஆரு என்ன சொன்னதா எழுதணும் சார்?"

மறுநாள் என் மேசையில்
போல்ட்டுக்கு அடியில் ஒரு தாள்.

எண்: பத்து.
கூடியோர்: இருவர்.
பொருள்: நடக்காத மூன்று கூட்டங்களின் குறிப்பு.
விவாதம்: ஆசிரியர் ஒன்று கேட்டார்.
உறுப்பினர் திருப்பி ஒன்று கேட்டார்.
பதிலுக்கு முன் கருங்கல் பஸ் ஹாரன் அடித்தது.
தீர்மானம்: இல்லை.
அடுத்த கூட்டம்: வியாழன்.

ஓர் ஒற்று விடுபட்டிருந்தது.
சிவப்பு மையில் போட்டேன்.
ஆசிரியர் கையெழுத்து என்ற கோட்டுக்குமேல்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
பிறகு
போல்ட்டை மெல்ல நகர்த்திவிட்டு
ஜன்னலைத் திறந்தேன்.

அன்றைக்கென்று பார்த்து
கணவாயில் காற்றே இல்லை.