இரண்டு புள்ளி

எந்தக் கழுதை இறுக்கியது இதை
என்று கேட்டேன்.
கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த
ஃபோர்ட்டுனாட்டோ யுக்ரா
கோக்கா இலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு
"பெரிய கழுதையாகத்தான் இருக்கும்" என்றார்.
கழுத்தில் விசில் தொங்கியது.
மூன்று மணிக்கு ஆட்டம்.
உப்புவெளியின் அந்தக் கரையில்
இரண்டு ஊர்கள் ஒரு பந்தோடு காத்திருக்கும்,
நடுவர் இங்கே, உயுனியில்,
என் பட்டறையில்.

மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீரில்
வானத்தின் மேலேயே வண்டி ஓடுவதாக
வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துப் போகிறார்கள்.
அந்த வானம் சைலன்சர் போல்ட்டில் காய்ந்தால்
எப்படி இருக்கும் என்று
என்னைத்தான் கேட்க வேண்டும்.
மேலே வெள்ளைப் பொருக்கு.
சுரண்டினால் செந்தூள்.
நாக்கில் வைத்தால் கரிக்கும்.
வைத்துப் பார்த்திருக்கிறேன்;
மரை கழன்றவள் என்று சந்தையில்
சும்மாவா சொல்கிறார்கள்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் வழுக்கியது.
ஆறு முனையும் தேய்ந்து வட்டமாயிற்று.
அடிமேல் அடித்தால் அம்மியும் நகருமாம்.
அம்மிக்கு மரை கிடையாது.
சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அறைந்து ஏற்றி
நீளக் குழாயை மாட்டி
மெல்ல,
மெல்ல

முறிவதற்கு முன்னால் ஒரு இளக்கம் வரும்.
கை அதை நம்பிவிடும்.
கழல்வதும் முறிவதும்
முதல் கால் சுற்றில்
ஒன்றுபோலத்தான் இருக்கும்.

டக்.

"வந்துவிட்டதா?"
"பாதி."
தலையைத் தகர டப்பாவில் எறிந்தேன்.
மீதி உள்ளே, அலுமினியத்தின் வாயில்,
பல் கடித்துக்கொண்டு.

இந்த உயரத்தில் காற்றுக்கே மூச்சு போதாது.
டார்ச்சின் சுடர் சோகை பிடித்ததுபோல் எரிகிறது.
சுற்றிலும் சுட்டேன், போல்ட்டை விட்டுவிட்டு;
அலுமினியம்தான் முதலில் விரியும்.
மெழுகுவர்த்தித் துண்டை விளிம்பில் தொட்டேன்,
உருகி, இழையாகி, உள்ளே இறங்கியது.
ஆறவிட்டேன். மறுபடி சுட்டேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

ஒருரோவிலிருந்து வாங்கி வந்த டிரில் முனை,
இடப்பக்கம் சுற்றுவது.
நடுவில் பஞ்ச் வைத்துக் குழி போட்டு
நெஞ்சால் அழுத்திப் பிடித்தேன்.
சுருள் சுருளாக இரும்பு. எண்ணெய்ப் புகை.
ஓட்டை பாதிகூட ஆகவில்லை,
திடீரென்று எதிர்ப்பே இல்லை;
முறிந்த துண்டு
முனையைக் கவ்விக்கொண்டு
தானாகச் சுற்றி, பின்வாங்கி,
வெளியே வந்து நின்றது.
அவர் எழுந்து விசில் ஊதினார்.
எதிர்க்கடை நாய் குரைத்தது.

புது போல்ட்டுக்கு அளவு பார்க்க
டப்பாவிலிருந்து தலையை எடுத்துத் துடைத்தேன்.
கரிக்கு அடியில் பஞ்சால் குத்திய
இரண்டு புள்ளி, பக்கத்தில் பக்கத்தில்.

நான் இறுக்கும் எதிலும்
நான் வைக்கும் புள்ளி.

போன திருவிழாவுக்கு முந்தின நாள்.
வெளியே பித்தளை வாத்தியம் ஒத்திகை பார்த்தது,
எனக்குக் கால் தரையில் இல்லை.
தாமிர கிரீஸ் டப்பா காலி.
பரவாயில்லை என்று
ஒரு சுற்று அதிகமாகவே இறுக்கினேன்.

தப்பு என்னுடையது.
நடுவர் எதிரிலேயே நிற்கிறார்,
பார்க்கவில்லை.

புது போல்ட்டில் கிரீஸைத் தாராளமாகப் பூசி
விரலால் ஏற்றி, கால் சுற்று மட்டும் கொடுத்து
"காசு வேண்டாம்" என்றேன்.
அவர் முகம் மாறியது.
"ஆட்டத்தன்று நடுவருக்கு இலவசமா?
அதற்கு வேறு பெயர் இருக்கிறது, அம்மணி."
நோட்டுகளை எண்ணி நீட்டிய கை
நீட்டியபடியே நின்றது.
வேறு வழியில்லை.
உடைந்த தலையை அந்த உள்ளங்கையில் வைத்தேன்.

வெளிச்சத்தில் திருப்பினார்.
புது போல்ட்டைக் குனிந்து பார்த்தார்;
அதிலும் இரண்டு புள்ளி.
இலையை மென்றார், நெடுநேரம்.
"அவ்வளவு பெரிய கழுதை இல்லை" என்றார்,
"நடுத்தரம்."
பாதிப் பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு
உதைத்துக் கிளப்பினார்.

நாலு மணிக்காவது தொடங்கியிருக்கும்.
தலையை அவர் திருப்பித் தரவில்லை.
ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் முறிவு;
எந்த ஊருக்கு முதல் உதை என்று
அதைத்தான் சுண்டிப் பார்த்தாரோ என்னவோ.