பாதிக்குக் கீழே

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மாடியில்
கதவுக்குள் கதவு வைத்த அறை.
சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு.
வெளிச்சத்தம் உள்ளே வராதாம்.
எனக்கு எதற்கு இத்தனை செலவு.

பியூலா மேடம் கையில் ஒரு பொத்தானைத் தந்தார்.
கேட்டால் அமுக்கணும்.
கேட்காததற்கும் அமுக்கினேன்.
பழக்கதோஷம்.
ஒன்பது வருஷமாய்
காதில் விழாத ஊருக்கெல்லாம்
டிக்கெட் கிழித்தவன் நான்.

பாபநாசம் வண்டி.
பல் தெரிந்தால் சேர்மாதேவி.
மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் வீரவநல்லூர்.
திறந்த வாய் ஒட்டித் திறந்தால் அம்பை.
பாபநாசத்துக்காரரைப் பத்தமடையில் இறக்கியது
ஒரே ஒரு தடவைதான்.
இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தொடங்கும்,
பணமும் மணமும் போல.

பழைய மெஷினை இரண்டு காதிலும் மாட்டி
சொல்லுங்க என்றார்.
மரம். மரம்.
வயல். வயல்.
பத்துக்கு எட்டு.
பிறகு மேசையிலிருந்த காலண்டர் அட்டையை எடுத்து
வாய்க்கு முன்னால் பிடித்தார்.
அட்டையில் நகைக்கடை லட்சுமி.
லட்சுமியின் உதடு அசையவில்லை.

பின்னால் என்னவோ நடந்தது.
தூரத்து வயலில் மோட்டார் ஓடி
நின்ற மாதிரி.
இப்போது என் முறை.

பக்கத்து நாற்காலியிலிருந்து உலகம்மாள்
உதட்டைக் குவித்து எடுத்துக்கொடுத்தாள்.
மேடம் பார்த்துவிட்டார்.
அவளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தார்.
கல்யாணமாகி முப்பது வருஷம்,
அந்த முதுகை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

மேடம் எழுதிக் காட்டினார்:
'ஊகிக்காதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.'
அதற்குக் கீழே:
'பாதிக்கு மேல் எடுத்தால் ஆபரேஷன் கிடையாது.'

எட்டாங்கிளாஸில் கணக்கில் போனவன்.
பெயிலாகணும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.
அதுவும் லேசாக இல்லை.
ஒவ்வொரு வார்த்தைக்கும் நாக்கு
டிக்கெட்டை நீட்டப் பார்க்கிறது.
பிடித்துவைத்து,
தெரியலை.
தெரியலை.
தெரியலை.
பதினான்காவது தெரியலையில் தொண்டை அடைத்தது.
நானே விசில் ஊதி
நடுரோட்டில் இறங்கிக்கொண்டதுபோல.

பேச்சிமுத்து, வயது ஐம்பத்து நான்கு.
பேச்சு மதிப்பெண்: இருபத்தைந்துக்கு மூன்று.
அந்த மூன்று எதுவென்று
எனக்கே தெரியாது.

நாளைக்கு ஸ்கேன்.
காதுக்குள் நத்தைமாதிரி ஒன்று இருக்கிறதாம்.
அதன் சுருளில் எலும்பு வளர்ந்து அடைத்திருந்தால்
கம்பி நுழையாதாம்.
நுழைந்தாலும்
முதலில் தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரிதான் இருக்குமாம்.
வார்த்தை ஆக மாசக்கணக்கு.
மூளைக்காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள்.
மனநல டாக்டர் ஒருவர்
எதைக் கேட்க ஆசை என்று எழுதிக் கேட்டார்.
பேரப்பிள்ளை குரல் என்று நான் சொல்வேன் என்று நினைத்திருப்பார்.
என் விசில், என்றேன்.
டிரைவர் தோள் அசைவதைப் பார்த்துத்தான்
ஊதிவிட்டேன் என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது வேறொரு கண்டக்டர்.
உலகம்மாள்தான் டிக்கெட் வாங்கினாள்.
பேட்டை தாண்டி வெயில் ஜன்னலுக்கு வந்ததும்
முகத்தை என் பக்கம் திருப்பினாள்.
அந்த அறையில் அவள் தோள் குலுங்கியதைக் கேட்டேன்,
அழுதியா என்று.

உதடு நிதானமாக அசைந்தது:
'யாரு அழுதா?
அந்தம்மா சொன்ன இருவத்தஞ்சையும்
செவுத்துக்கிட்ட
நான் சொல்லிட்டு இருந்தேம்லா.'