அடகுக்கடை வாங்காதது

வாடகை இரண்டு மாத பாக்கி.
மோன்டெவீடியோ மழையில்
தையல் மெஷின், கைக்கடிகாரம், கிட்டார்
மூன்றையும் சுமந்து போனேன்.

எலுதேரியோ கிட்டாரின் வயிற்றை
விரலால் தட்டிப் பார்த்தான்.
"ஒட்டுப்பலகை.
இதை வைக்கிற இடத்துக்கே வாடகை அதிகம்."

மற்ற இரண்டும் வீடு திரும்பவில்லை.

ஞாயிறு. நைலான் தந்திகளில் மூன்றாவது
திருகத் திருக இறங்குகிறது.
ஐந்தாம் மெட்டில் ஓர் இரைச்சல்,
குவளைக்குள் மாட்டிய ஈ.
பாலத்தின் அடியில் ஒரு பஸ் டிக்கெட்டை
நான்காக மடித்துச் செருகினேன்.
ஈ கொஞ்சம் அடங்கியது.

கதவு திறந்துதான் கிடந்தது.
வீட்டுக்காரி நீபியா
சொட்டும் குடையோடு வாசலில் நின்று
கடைசி சுரம் வரை கேட்டாள்.

பிறகு
வாடகையைக் கேட்டாள்.