ஆறு

ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி.
கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது.
பெரியப்பா உதட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்.

கெஞ்சியாயிற்று.
தாதி சொன்னபடி நீலக் கிண்ணத்துக்கு மாறியாயிற்று.
நெத்திலிப் பொடி தூவி
"உங்களுக்குப் பிடிக்குமே" என்றேன்.
யாருக்கு என்பதுபோல் பார்த்தார்.

கீழே ஐஸ் லாரி பின்னால் நகர்கிற சத்தம்.
பீப். பீப்.
அவர் விரல் மடங்கியது.
"ஒண்ணு" என்றார்.

முப்பத்தோரு வருஷம்
வெல்ட் கீ கிட்டங்கி வாசலில்
மூட்டை எண்ணியவர்.
லாரி போன பிறகும் எண்ணினார்.
நான் கரண்டியோடு நின்றேன்.

ஒண்ணில் உதடு குவிகிறது, வழியில்லை.
மூணு கதவைச் சாத்திக்கொண்டுதான் தொடங்குகிறது.
அஞ்சு அரைக்கதவு, நம்ப முடியாது.
ஆறு
அகலத் திறக்கிறது.
உள்ளே விட்டேன்.

விழுங்கினார். ஏழு வரவில்லை.
கூரையில் தேடினார், என் முகத்தில் தேடினார்.
மறுபடி ஒண்ணு.

இப்படியே அரைக் கிண்ணம்.
நடுவில் அவசரப்பட்டு
நாலிலேயே நுழைத்தேன்.
சட்டையெல்லாம் கஞ்சி.
"ஆ செங், ஏமாத்தாதே!"

ஆ செங் யாரென்று எனக்குத் தெரியாது.
அந்தப் பெயருக்கும் வாய் நன்றாகத்தான் திறந்தது.
கரண்டியைத் தூக்க மனம் வரவில்லை.
"மன்னிச்சுக்க" என்றேன்,
ஆ செங்காக.

கடைசியில் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.
"ஒரு மூட்டை குறையுதே.
யார் கணக்குல எழுத?"

என் கணக்கில் என்றேன்.

மேசை விரிப்பில் நகத்தால்
ஒரு கோடு கிழித்தார்,
அழுத்தமாக.
பிறகு தண்ணீர் கேட்டார்.